மசாலா சேர்த்த பண்ணை பீர்: சுவைப்பதும் மார்க் போடுவதும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் என்று மலையில் இருக்கும் நண்பர்கள் சிலர் அவ்வப்போது ஒரு வீட்டில் கூடி, கிடைக்கிற கிராஃப்ட் பீரை, அதாவது சிறு ஆலைகள் காய்ச்சும் பீரைச் சுவைத்துக் குறிப்பெழுதி மார்க் போடுகிறோம். மற்ற பீர்களில் யாருக்கும் பெரிய சந்தேகம் வருவதில்லை. சேசான் என்கிற பெல்ஜியப் பண்ணை பீர், அதிலும் மசாலா சேர்த்தது, மேஜைக்கு வந்தால் மட்டும் புதிதாக வருபவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் தடுமாறுகிறார்கள், ஒரே கேள்விகளைக் கேட்கிறார்கள். அவற்றைக் கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே தொகுத்திருக்கிறேன். தமிழ்நாட்டில் 21 வயது ஆகாதவர்களுக்கு மது விற்கக் கூடாது. இந்தப் பக்கமும் அந்த வயதைத் தாண்டியவர்களுக்குத்தான்.

"பண்ணை பீர்னு சொல்றீங்களே, அது என்ன? பீர்னா எல்லாம் ஒண்ணுதானே?"

கடையில் பீர் என்று கேட்டால் கையில் வருவது பெரும்பாலும் லாகர். குறைந்த வெப்பத்தில் மெதுவாகப் புளிக்க வைத்து, ஈஸ்ட்டின் வாசனை வெளியே தெரியாதபடி சுத்தமாக எடுப்பது அது. சேசானில் கதை தலைகீழ். அதன் ஈஸ்ட் 25 முதல் 35 டிகிரி வரையான சூட்டில் வேலை செய்யும். மிளகு, கிராம்பு, ஆரஞ்சு, பேரிக்காய் போன்ற வாசனைகளை அதுவே உண்டாக்கும். தானியச் சாற்றில் இருக்கும் சர்க்கரையை அனேகமாக முழுவதும் தின்றுவிடுவதால் பீர் வாயில் இனிப்பாகத் தங்காது, வறட்டென்று முடியும். வெளிர் பொன்னிறம், அடர்த்தியான வெள்ளை நுரை, நிறைய வாயு, தெளிவான கசப்பு. நல்ல சேசான் என்றால் இவை இருக்க வேண்டும்.

பிறந்த இடம் பெல்ஜியத்தில் பிரெஞ்சு பேசும் வல்லோனியா, அதிலும் எனோ மாகாணம். குளிர்சாதனம் இல்லாத காலத்தில் விவசாயிகள் குளிர் மாதங்களில் காய்ச்சி வைத்து, கோடையில் வயலுக்கு வரும் கூலியாட்களுக்குக் கொடுத்தது என்பார்கள். இன்று எல்லோரும் அளவுகோலாக வைத்துக்கொள்ளும் சேசான் டுபோன், டூர்ப் என்ற ஊரில் 1844ல் தொடங்கிய பண்ணை ஆலையில் காய்ச்சப்படுகிறது. டுபோன் குடும்பத்தின் கைக்கு அது 1920ல் வந்தது. அந்த பீரில் ஆல்கஹால் 6.5 சதவீதம்.

"அப்போ மசாலான்னா மிளகுத்தூள், ஏலக்காய் எல்லாம் போட்டுக் காய்ச்சுவாங்களா?"

சிலர் போடுவார்கள், பலர் போடமாட்டார்கள். இந்த இடத்தில்தான் முதல் குழப்பம் ஆரம்பிக்கிறது. மேலே சொன்ன சேசான் டுபோனில் மசாலாவே கிடையாது. ஆனால் மோந்து பார்த்தால் மிளகு அடிக்கும். அது முழுக்க ஈஸ்ட்டும், பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் என்ற பூவும் செய்கிற வேலை. தானியத்தில் இருக்கும் ஃபெருலிக் அமிலத்தை ஈஸ்ட் 4-வினைல் குவாயகால் என்ற பொருளாக மாற்றுகிறது. கிராம்பு வாசனை அங்கிருந்து வருகிறது.

மசாலா போட்டே செய்யும் ஆலைகளும் அதே பகுதியில் உண்டு. பிப்பே என்ற ஊரில் 1785ல் தொடங்கிய, இன்றும் நீராவி இயந்திரத்தால் ஓடும் ஆலையின் சேசானில் மிளகு, இஞ்சி, ஆரஞ்சுத் தோல், அன்னாசிப்பூ எல்லாம் சேர்கின்றன. பொதுவாக உலகம் முழுக்க அதிகம் போடப்படுவது மல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும். அதற்கு அடுத்து இஞ்சி, மிளகு, மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வரும் ஏலக்காயின் உறவான ஒரு கார விதை. இந்தியக் கிராஃப்ட் ஆலைக்காரர்கள் கையில் எடுத்தால் ஏலக்காயும் கொக்கம் என்ற புளிப்புப் பழமும் வந்துவிடுகின்றன. எதைப் போட்டாலும் தப்பில்லை. போட்டது பீருக்குப் பொருந்தியதா என்பதுதான் கேள்வி.

"டாஸ்மாக்ல கிடைக்குமா சார்? இல்லைன்னா வீட்டிலேயே போட்டுப் பார்க்கலாமா?"

டாஸ்மாக் அலமாரியில் சேசானைத் தேடி அலைய வேண்டாம். பெங்களூரில் சொந்தமாகக் காய்ச்சி ஊற்றும் கடைகள் நிறைய உண்டு. அங்கே பருவத்துக்கு ஒன்றாக மாற்றும் குழாய்களில் பெல்ஜிய வகைகள் வரும். புதுச்சேரி, கோவாவிலும் பார்க்கலாம். வெளிநாட்டிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் சுங்க வரி இல்லாமல் 2 லிட்டர் வரை மது கொண்டு வரலாம். எங்கள் மேஜைக்கு வரும் பெல்ஜிய பாட்டில்கள் அப்படி வந்தவைதான். கக்கநல்லா சோதனைச் சாவடி வழியாகக் கர்நாடகத்திலிருந்து காரில் எடுத்து வரும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். பெங்களூர் கடையிலேயே உட்கார்ந்து சுவைத்து, குறிப்பை மட்டும் மலைக்குக் கொண்டு வாருங்கள்.

வீட்டில் காய்ச்சுவது கூடாது. தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் 1937ன்படி உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். சொந்த உபயோகத்துக்குத்தான் என்று சொன்னாலும் அதேதான்.

"நம்ம மலைக்கும் பீருக்கும் என்னங்க சம்பந்தம்?"

இருக்கிறது. ஆங்கிலேயர் காலத்தில் சமவெளிச் சூட்டில் பீர் காய்ச்சுவது கஷ்டம் என்பதால் மலைக்கு ஏறினார்கள். காஸில் புரூவரி 1857ல் தொடங்கியது. தாமஸ் லீஷ்மன் 1915ல் தென்னிந்தியாவின் ஐந்து சிறு பீர் ஆலைகளை இணைத்து யுனைடெட் புரூவரீஸை உருவாக்கியபோது அதுவும் அந்த ஐந்தில் ஒன்று. நீலகிரியின் பெயரிலேயே இன்னொரு ஆலையும் அதில் சேர்ந்தது.

"ஃபிரிட்ஜ்ல எவ்வளவு நேரம் வைக்கணும்? நல்லா கூலிங்கா இருந்தாத்தானே நல்லா இருக்கும்?"

சேசானை ஐஸ் மாதிரிக் குளிர வைத்தால் வாசனை வெளியே வராது. குளிர்ச்சி குறைகளையும் மூடிவிடும், நிறைகளையும் மூடிவிடும். 7 முதல் 12 டிகிரி வரை சரி. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துப் பதினைந்து இருபது நிமிடம் வெளியே வைத்தால் சமவெளியில் போதும். ஊட்டியிலோ கொடைக்கானலிலோ டிசம்பர், ஜனவரி மாதமென்றால் ஃபிரிட்ஜே தேவையில்லை. வடக்கு பார்த்த அறையில் தரையில் ஒரு ராத்திரி வைத்தால் சரியான பதத்துக்கு வந்துவிடும். ஊற்றிய பிறகு கிளாஸை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே பிடித்துக்கொண்டால் மெதுவாகச் சூடேறும்போது வாசனை மாறுவதையும் கவனிக்கலாம். முதல் குறிப்பை ஊற்றியவுடன் எழுதுங்கள், இரண்டாவதைப் பத்து நிமிடம் கழித்து எழுதுங்கள்.

மலைக்கென்று ஒரு எச்சரிக்கை. ஊட்டி 2,240 மீட்டர் உயரம், கொடைக்கானல் சுமார் 2,100. இங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட கிட்டத்தட்ட கால் பங்கு குறைவு. கீழே அடைத்த பாட்டிலுக்குள் இருக்கும் வாயு இங்கே இன்னும் வேகமாக வெளியே பாயும். சேசானில் சாதாரணமாகவே வாயு அதிகம். மலைப்பாதையில் குலுங்கி வந்த பாட்டிலை வந்த கையோடு திறந்தால் பாதி பீர் மேஜைவிரிப்பில்தான் இருக்கும். ஒரு ராத்திரியாவது நிமிர்த்தி வைத்து, ஒரு பேசினுக்குள் பிடித்து, மூடியை இம்மியிம்மியாகத் தளர்த்துங்கள். இதை இங்கே விளக்கமாகச் சொல்லக் காரணம், பொங்கி வழிந்ததைப் பார்த்து "கெட்டுப்போன பீர்" என்று எடுத்த எடுப்பிலேயே மார்க்கைக் குறைப்பவர்கள் உண்டு.

"எந்த கிளாஸ்ல ஊத்தறது? ஸ்டீல் டம்ளர் பரவாயில்லையா?"

நிறம் பார்க்க முடியாது என்பதால் ஸ்டீல் டம்ளர் வேண்டாம். வயிறு அகலமாகவும் வாய் கொஞ்சம் குறுகலாகவும் இருக்கும் ஒயின் கிளாஸ் போதும். தனியாக வாங்க வேண்டியதில்லை. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாதீர்கள், வாசனை தங்க இடம் வேண்டும்.

கிளாஸ் சுத்தமாக இருப்பதுதான் முக்கியம். ஊற்றியதும் உள்சுவரில் குமிழிகள் கொத்துக் கொத்தாக ஒட்டி நின்றால் அங்கே எண்ணெய்ப் பிசுக்கோ சோப்போ இருக்கிறது என்று அர்த்தம். அந்தப் பிசுக்கு நுரையையும் கொன்றுவிடும். நுரைக்கும் மார்க் உண்டு என்பதால் கிளாஸின் குற்றம் பீரின் தலையில் விழுந்துவிடும்.

"அடியில மண்டி நிக்குதே, கெட்டுப்போச்சா?"

இல்லை. அது ஈஸ்ட். பாட்டிலுக்குள்ளேயே கடைசிப் புளிப்பு நடந்து வாயு சேரும் பீர்களில் அது இருந்தே தீரும். கடைசி இரண்டு விரல் அளவைப் பாட்டிலிலேயே விட்டு ஊற்றுங்கள், முதலில் தெளிவை மோந்து சுவையுங்கள். பிறகு மண்டியைக் கலக்கித் தனியாக ஊற்றிப் பாருங்கள். ரொட்டி வாசனையும் லேசான கரகரப்பும் கூடும். சிலருக்கு இதுதான் பிடிக்கிறது. மார்க் போடுவது முதலில் ஊற்றிய தெளிந்த பீருக்குத்தான்.

"முதல்ல குடிச்சிடலாமா, மோந்து பார்க்கணுமா? வரிசையா சொல்லுங்க."

ஊற்றிய கையோடு மூக்குதான் முதலில். வேகமாகப் பறக்கும் வாசனைகள் முதல் ஒரு நிமிடத்தில் போய்விடும். கிளாஸை மூக்குக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு முறை கடத்துங்கள், பிறகு ஒரு சுற்றுச் சுற்றி மூக்கை உள்ளே விட்டு இரண்டு மூன்று குட்டி மூச்சு. நீளமாக இழுத்தால் மூக்கு சீக்கிரம் அலுத்துவிடும். அலுத்தால் சொந்தச் சட்டைக் கையை மோந்து பாருங்கள், மீண்டுவிடும். வந்த முதல் மூன்று வார்த்தைகளை உடனே எழுதிவிடுங்கள், சரியா தப்பா என்று யோசிக்காமல்.

அப்புறம் கண். வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கி நிறம், கலங்கல், நுரையின் உயரம், எவ்வளவு நேரம் நிற்கிறது, கிளாஸில் வளையம் விடுகிறதா என்று பாருங்கள். பிறகுதான் வாய். ஒரு மடக்கு, நாக்கு முழுக்கப் படும்படி புரட்டி, விழுங்கி, வாயை மூடிக்கொண்டு மூக்கு வழியாக மூச்சை விடுங்கள். இந்தக் கடைசிப் படியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். மல்லியும் ஆரஞ்சும் பெரும்பாலும் அந்த மூச்சில்தான் தெரியவரும். வாயில் எது முதலில் வந்தது, நடுவில் எது, எது கடைசியாக நின்றது என்று மூன்று கட்டமாக எழுதுங்கள். இரண்டாவது மடக்கில் சுவையை விட்டுவிட்டு உடம்பைக் கவனியுங்கள்: கனமா இலேசா, வாயு குத்துகிறதா, துவர்க்கிறதா, சூடு இறங்குகிறதா.

ஒரே ஒரு விதியைக் கட்டாயம் வைத்திருக்கிறோம்: எல்லோரும் எழுதி முடிக்கும்வரை யாரும் பேசக் கூடாது. ஒருவர் "ஏலக்காய்!" என்று சொல்லிவிட்டால் அப்புறம் மேஜையில் எல்லோருக்கும் ஏலக்காய்தான் அடிக்கும்.

"குன்னூர்ல டீ டேஸ்டர்கள் உறிஞ்சித் துப்புறாங்களே, அதே மாதிரி செய்யணுமா?"

சத்தமாக உறிஞ்சுவதை எடுத்துக்கொள்ளலாம். கரண்டியிலிருந்து காற்றோடு சேர்த்து இழுப்பதால் சாறு வாய் முழுக்கத் தூவி வாசனை மூக்குக்குப் பின்வழியாக ஏறுகிறது. ஆனால் ஒரு நாளில் நூற்றுக்கணக்கில் சுவைக்கும் டீ டேஸ்டருக்குத் துப்புவது அவசியம். பீரில் விழுங்குவதுதான் வழக்கம். கடைசியாக நிற்கும் கசப்பும் வறட்சியும் மார்க்கில் பெரும் பங்கு, அவை விழுங்கினால்தான் முழுதாகத் தெரியும்.

அதனால்தான் அளவு முக்கியம். ஒருவருக்கு ஒரு பீரில் 60 முதல் 100 மில்லி, ஒரு நாளில் நான்கைந்து வகைக்கு மேல் வேண்டாம். வண்டி ஓட்டி வந்தவர்கள் அன்றைக்கு அங்கேயே தங்க வேண்டும். சட்டம் 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹால் என்ற வரம்பு வைத்திருக்கிறது. கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவில் இறங்குபவருக்கு அந்த வரம்பும் அதிகம் என்பது என் கருத்து.

"சுவைக்கிறதுக்கு முன்னாடி என்ன சாப்பிடலாம், என்ன கூடாது?"

ஒரு மணி நேரம் முன்பிருந்தே டீ, காபி, மிக்சர், பான், மிளகு ரசம் எதுவும் வேண்டாம். யூகலிப்டஸ் தைலம் தடவிக்கொண்டு வந்து உட்காராதீர்கள். ஊட்டிக் குளிரில் இது நடக்கும், அந்த நெடி மேஜை முழுக்கப் பரவிவிடும். பீருக்குப் பீர் நடுவே வெந்நீர் ஒரு வாய், வெறும் ரொட்டித் துண்டு. வர்க்கி வேண்டாம், அதிலிருக்கும் கொழுப்பு நாக்கில் படிந்துவிடும்.

"எனக்கு எல்லாமே பீர் வாசனைதான் வருது. மல்லி, ஆரஞ்சுன்னு எழுதுறீங்களே, உங்களுக்கு மட்டும் எப்படித் தெரியுது?"

மூக்கில் குறை இல்லை, பெயர் சொல்லிப் பழக்கம் இல்லை, அவ்வளவுதான். அதிலும் நமக்கென்று ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. நம் வீட்டில் மல்லி என்றால் வறுத்து அரைத்த மல்லி. பீரில் போடுவது வறுக்காமல் ஒன்றிரண்டாக உடைத்த மல்லி. நாம் சாம்பார்ப்பொடி வாசனையைத் தேடிக்கொண்டிருப்போம். அங்கே இருப்பதோ எலுமிச்சையும் பூவும் கலந்த ஒரு மணம். ஒரு ஸ்பூன் பச்சை மல்லி விதையை உள்ளங்கையில் போட்டுக் கட்டை விரலால் அழுத்தி நசுக்கி மோந்து பாருங்கள். பத்து நொடி கழித்து இன்னொரு முறை. அடுத்த கிளாஸ் சேசானில் அது தானாகக் கண்ணில் படும்.

ஆரஞ்சுக்கும் இதே வேலை செய்யுங்கள். கீழ்ப்பழனி மலையின் கமலா ஆரஞ்சு கிடைத்தால் அதைவிட நல்ல பாடம் இல்லை. மேல்தோலைக் கிள்ளினால் தெறிக்கும் எண்ணெய் ஒரு வாசனை, உள்ளே இருக்கும் வெள்ளைச் சவ்வு ஒரு கசப்பு. இரண்டையும் தனித்தனியே தெரிந்துகொண்டால், ஆலைக்காரர் தோலைச் சீவிப் போட்டாரா, சவ்வோடு சேர்த்துப் போட்டாரா என்று பீரைக் குடித்தே சொல்லிவிடலாம். மற்ற சரக்கெல்லாம் மலையிலேயே இருக்கிறது. தாண்டிக்குடிப் பக்கம் ஏலமும் மிளகும், பர்லியார் பண்ணையில் கிராம்பும் ஜாதிக்காயும்.

அடுத்த படி, சாதாரண லாகர் ஒரு பாட்டிலை நான்கு கிளாஸில் பிரித்து, மூன்றில் மல்லி, ஏலம், நசுக்கிய இஞ்சி என்று ஒவ்வொன்றாகப் போட்டு, தட்டால் மூடி இருபது நிமிடம் வையுங்கள். நான்காவது வெறும் லாகர். வடிகட்டி, இடம் மாற்றிக் கொடுக்கச் சொல்லிக் கண்டுபிடியுங்கள். ஒரு சாயங்காலம் இதைச் செய்தவர்கள் அடுத்த முறை எழுதும் குறிப்பே வேறு மாதிரி இருக்கிறது.

"மார்க் எப்படிப் போடறது? அஞ்சுக்கு நாலுன்னு போட்டா போதாதா?"

உங்களுக்காக மட்டும் என்றால் போதும். ஆனால் ஐந்துக்கு நான்கு என்பது ஏன் நான்கு என்று சொல்லாது. 1985ல் அமெரிக்காவில் தொடங்கிய பீர் நடுவர் சான்றிதழ் அமைப்பான பி.ஜே.சி.பி.யின் 50 புள்ளி முறையை நாங்கள் பின்பற்றுகிறோம். வாசனைக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் படும் உணர்வுக்கு 5, மொத்த அபிப்பிராயத்துக்கு 10. தோற்றத்துக்கு மூன்றே மூன்றுதான் என்பதைக் கவனியுங்கள். கலங்கலாக இருக்கிறது என்று ஒரு பீரைக் கவிழ்க்க முடியாது.

கூட்டினால் வருவதற்கு ஒரு பொருளும் வைத்திருக்கிறார்கள். 45 முதல் 50 உலகத்தரம், 38 முதல் 44 மிக அருமை, 30 முதல் 37 நல்ல பீர், ஏதோ சின்னக் குறை. 21 முதல் 29 பரவாயில்லை, 14 முதல் 20 தேறாது, அதற்கும் கீழே என்றால் பெரிய கோளாறு. மார்க்கை முதலில் போட்டுவிட்டு அதற்கேற்பக் குறிப்பு எழுதாதீர்கள். குறிப்பை எழுதி முடித்துவிட்டு, அதைப் படித்துப் பார்த்து மார்க் போடுங்கள்.

"மசாலா நல்லா தூக்கலா இருந்தா அதுக்குத்தானே அதிக மார்க்?"

இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்விக்காகத்தான். இல்லை. சேசானில் மசாலா, சாம்பாரில் பெருங்காயம் மாதிரி: இருந்தால் சாம்பார் நன்றாக இருக்க வேண்டும், பெருங்காயம் நன்றாக இருக்கிறது என்று யாரும் சொல்லக் கூடாது. கிளாஸைத் தூக்கியதும் ஏலக்காய் முகத்தில் அறைந்து, அதற்குப் பின்னால் ஈஸ்ட், தானியம், கசப்பு எதுவும் தெரியவில்லை என்றால் அது ஏலக்காய்த் தண்ணீர். எவ்வளவு கமகமவென்று இருந்தாலும் சுவைக்கான 20ல் 12ஐத் தாண்டக் கூடாது என்று நான் நினைக்கிறேன்.

நான் செய்வது இப்படி. முதலில் மசாலாவை மனதால் தள்ளி வைத்துவிட்டு, அடியில் ஒழுங்கான சேசான் இருக்கிறதா என்று தேடுவேன். வறட்சி இருக்கிறதா, வாயு இருக்கிறதா, ஈஸ்ட்டின் மிளகும் பழமும் இருக்கிறதா, கசப்பு தாங்குகிறதா. அது உறுதியான பிறகு மசாலாவுக்கு வருவேன். மல்லி ஈஸ்ட்டின் எலுமிச்சை வாசனையோடு கைகோத்தால் இரண்டும் உயரும். கிராம்பு போட்டால் பெரும்பாலும் கெடும், ஏனென்றால் ஈஸ்ட்டே கொடுக்கும் கிராம்பின் மேல் இன்னொரு கிராம்பு ஏறிப் பல்வலி மருந்து வாசனை வந்துவிடும். மல்லி அளவு மீறினால் சோப்பு வாசனை, வேகவைத்த இறைச்சி வாசனை வரும். நடுவர் விதிமுறையும் இதே பக்கம்தான். மசாலா துணைக்கு நின்றால் சேசான் பிரிவில் வைக்கலாம், மசாலா முன்னே நின்றால் மசாலா பீர் பிரிவுக்கு அனுப்ப வேண்டும்.

"லேபிள்ல இஞ்சி, மிளகுன்னு போட்டிருக்கு. எனக்கு ஒண்ணுமே தெரியலை. மார்க் குறைக்கணுமா?"

சேசான் பிரிவில் குறைக்க வேண்டாம். மசாலா பீர் என்று சொல்லிக் கொடுத்திருந்தால் குறைக்கலாம், சொன்னது இல்லையே. ஆனாலும் பீர் முழுமையாக இருந்தால் மொத்த அபிப்பிராயத்தில் ஒன்றிரண்டு போனால் போதும். லேபிளை முதல் குறிப்பு எழுதிய பிறகுதான் படிக்க வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

"தொண்டையில காரமா எரியுது. இது மிளகா, இஞ்சியா, சரக்கோட காட்டமா? எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

நல்ல கேள்வி. அனுபவசாலிகளும் இதில் வழுக்குகிறார்கள். முதலில் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு மடக்கு குடியுங்கள். மிளகு காணாமல் போய்விட்டால் அது வெறும் வாசனை, அதாவது ஈஸ்ட் கொடுத்தது. மூக்கைப் பொத்தியும் எரிந்தால் உண்மையிலேயே ஏதோ காரம் இருக்கிறது. மிளகின் காரத்துக்குக் காரணமான பைப்பரினுக்கு வாசனை கிடையாது, அது நாக்கையும் தொண்டையையும்தான் பிடிக்கும்.

அடுத்து நேரம். குடித்த உடனே நாக்கு நுனியில் ஊசி ஊசியாகக் குத்தி உடனே மறைந்தால் அது வாயு. கிளாஸை நன்றாகச் சுற்றி வாயுவை விரட்டிவிட்டுக் குடித்தால் தெரிந்துவிடும். இஞ்சி சீக்கிரம் வந்து நாக்கின் மேல் பரவிக் கொஞ்ச நேரத்தில் தணியும். மிளகு தாமதமாக வந்து தொண்டையில் உட்கார்ந்துகொள்ளும், மடக்குக்கு மடக்கு ஏறும். ஆல்கஹாலின் சூடு விழுங்கும்போது நெஞ்சுக்குள் கோடாக இறங்கும், மோந்தாலும் மூக்கில் சுருக்கென்று ஏறும். 6 சதவீத பீரில் அந்தச் சூடு தெரிந்தால் அது குறை. 8, 9 சதவீதத்தில் இதமாக இருந்தால் குறையில்லை. நாக்கு மரத்துப்போனால் கிராம்பு.

"கொஞ்சம் புளிக்குது, மாட்டுத்தொழுவ வாசனையும் வருது. பண்ணை பீர்ங்கறதால விட்டுடலாமா?"

பண்ணை என்ற பெயர் எல்லாவற்றுக்கும் மன்னிப்புச் சீட்டு கிடையாது. இலேசான புளிப்பு சேசானில் சகஜம், வறட்சியோடு சேர்ந்து தாகம் தீர்க்கும். வைக்கோல், தோல், குதிரைச் சேணம் போன்ற வாசனை பிரெட்டனோமைசிஸ் என்ற காட்டு ஈஸ்ட்டால் வருவது. சிலர் வேண்டுமென்றே சேர்ப்பார்கள், லேபிளில் சொல்லியிருப்பார்கள். சொல்லாமல் வந்திருந்தால் தொற்று என்று சந்தேகப்படலாம். வினிகர் மாதிரி மூக்கைக் குத்தினால் சந்தேகமே வேண்டாம், குறைதான். சாணமும் மலமும் நாறினால் எந்தப் பிரிவிலும் குறை.

"பெரிய பாட்டில், நல்ல பேர் உள்ள ஆலை, ஆனா ஒரு நாத்தம். மசாலா வாசனைன்னு எழுதிடலாமா?"

பேரைப் பார்த்து மழுப்ப வேண்டாம். மசாலாவைக் குறை என்றும் குறையை மசாலா என்றும் மாற்றி எழுதுவது இந்த வகையில் சுலபம். பச்சை பாட்டிலில் வரும் பெல்ஜிய பீரில் ஸ்கங்க் என்ற விலங்கின் நாற்றமும் ரப்பரும் கலந்த நெடி வந்தால், வெளிச்சம் ஹாப்ஸைக் கெடுத்திருக்கிறது. கடை ஜன்னல் வெயிலே அதற்குப் போதும், பழுப்பு பாட்டிலில் இது அபூர்வம். ஈர அட்டைப்பெட்டி என்றால் காற்று பட்டுப் பழசாகிவிட்டது. வெண்ணெய், பாப்கார்ன் வாசனையும் வெந்த முட்டைக்கோஸ் வாசனையும் சேசானில் வரக் கூடாதவை. ஆஸ்பத்திரி பிளாஸ்டர் வாசனை தண்ணீரிலிருந்த குளோரினால் வந்திருக்கும், கிராம்போடு குழப்பிக்கொள்ளாதீர்கள். கிராம்பில் இனிப்பு உண்டு, பிளாஸ்டரில் கிடையாது.

"எனக்குப் பிடிக்கலை. ஆனா குறை எதுவும் சொல்ல முடியலை. என்ன போடறது?"

உங்கள் குறிப்பு 40 என்று சொன்னால் 40 போடுங்கள். உங்கள் விருப்பத்துக்கென்று மொத்த அபிப்பிராயம் 10 புள்ளி இருக்கிறது. அதிலும் மூன்று நான்குக்கு மேல் பிடித்துக்கொள்வது நியாயமில்லை. குறிப்பின் கடைசியில் "எனக்கு அன்னாசிப்பூ ஆகாது" என்று ஒரு வரி எழுதிவிட்டால் படிப்பவருக்குப் புரிந்துவிடும். பெரியப்பா ஒருவர் எங்கள் கூட்டத்தில் இருக்கிறார், சேசானே அவருக்குப் பிடிக்காது. ஆனால் குறை கண்டுபிடிப்பதில் அவர் குறிப்பைத்தான் எல்லோரும் நம்புகிறோம்.

"நாலு பேர் போட்டோம். 41, 38, 36, 24. சராசரி எடுத்துடலாமா?"

எடுத்தால் யாருடைய கருத்தும் இல்லாத ஒரு எண் கிடைக்கும். நடுவர்கள் 7 புள்ளிக்குள் வரும்வரை பேசுவார்கள். 24 போட்டவரைப் பேசச் சொல்லுங்கள். அவர் பிடித்தது பிளாஸ்டர் வாசனையாக இருந்து மற்றவர்கள் அதைக் கிராம்பு என்று எழுதியிருக்கலாம். அப்படியானால் மூவரும் இறங்க வேண்டும். இல்லை, அவருக்கு மண்டி நிறைந்த கடைசி ஊற்று போயிருந்தால் அவருக்கு இன்னொரு முறை ஊற்றிக் கொடுங்கள். எண்ணிக்கை பலத்தால் அவரை அடக்காதீர்கள்.

"மார்க் போட்டு முடிஞ்சது. இப்போ கூட என்ன சாப்பிடலாம்?"

எண்ணெய்ப் பலகாரமும் சீஸும். வறட்சியும் வாயுவும் கொழுப்பைக் கழுவி விடும். கொடைக்கானல் மலைப்பூண்டை நெய்யில் வதக்கி ரொட்டியில் தடவிச் சாப்பிட்டால் மல்லி போட்ட சேசானுக்கு அருமையாகப் பொருந்தும். படகர் வீட்டு அவரைக் குழம்பும் நல்ல துணை, காரம் கம்மியாக இருந்தால். பச்சைமிளகாய்க் காரம் கசப்போடும் ஆல்கஹாலோடும் சேர்ந்தால் எரிச்சல்தான் ஏறும்.

"காலி பாட்டிலை என்ன பண்றது?"

காட்டோரம் வீசாதீர்கள். உடைந்த கண்ணாடி யானையின் காலைக் கிழிக்கிறது. அதனால்தான் 2022ல் டாஸ்மாக் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 10 ரூபாய் என்ற திட்டம் நீலகிரியில் வந்தது. வெளிநாட்டு பாட்டில் அதில் சேராது, கழுவிப் பழைய பாட்டில்காரரிடம் போடுங்கள்.

"ஒரே பீருக்குப் போன தடவை 39 போட்டேன், இந்தத் தடவை 32. நான் தப்பா, பீர் தப்பா?"

இரண்டும் இல்லாமல் இருக்கலாம். மல்லி, ஆரஞ்சு வாசனைகள் மாதங்கள் போகப் போக மங்கும். ஈஸ்ட்டின் வறட்சி மட்டும் கூடிக்கொண்டே போகும். ஆறு மாதம் கழித்துத் திறந்த பாட்டில் உண்மையிலேயே வேறு பீர். போன தடவை அது முதல் கிளாஸாக இருந்து இந்த முறை இஞ்சி பீருக்குப் பின்னால் வந்திருந்தாலும் மார்க் இறங்கும். ஜனவரிக் குளிரில் மூக்கு காய்ந்து அடைத்திருந்தால் வாசனைக்கான 12ல் நான்கு அப்படியே போய்விடும். மேலே சொன்ன வெப்பநிலை விஷயத்தையும் சரிபாருங்கள்.

பழைய மார்க்கை அடித்துத் திருத்தாதீர்கள். இரண்டு குறிப்பையும் தேதி, பாட்டிலில் அச்சிட்ட நாள், எந்த வரிசையில் குடித்தது என்பதோடு வைத்திருங்கள். அதே பீர் இன்னொன்று கிடைத்தால் அன்றைக்கு அதை முதல் கிளாஸாக ஊற்றுங்கள், பழைய குறிப்பை எழுதி முடிக்கும்வரை பார்க்க வேண்டாம்.